எலைசா கொண்டுவந்த ஷில்லிங்

ஜார்ஜ் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகக் கதையைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்வார்கள்: ஒலியியல் பேராசிரியர் ஒருவர் லண்டன் தெருவில் பூ விற்கும் பெண் ஒருத்தியைக் கண்டெடுத்து, பந்தயம் கட்டி, சில மாதங்களில் அவளைச் சீமாட்டியாக மாற்றிக் காட்டுகிறார். இந்த வாக்கியத்தின் எழுவாய் பேராசிரியர். பெண் செயப்படுபொருள். கண்டெடுத்தல், கட்டுதல், மாற்றுதல், காட்டுதல் என்று அத்தனை வினைகளும் அவருடையவை. பிரதியைத் திறந்து இரண்டாம் அங்கத்தைப் படித்தால் வினைகள் கை மாறுகின்றன. எலைசா டூலிட்டில் தானாக வருகிறாள். முகவரியைக் கேட்டு வைத்துக்கொண்டு, இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு, தொப்பியில் மூன்று இறகுகள் செருகிக்கொண்டு டாக்ஸியில் வந்து இறங்குகிறாள். அவளுக்குத் திட்டம் இருக்கிறது. தெருமுனையில் கூடையோடு நிற்பதை விட்டுவிட்டுப் பூக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும்; பேச்சு நாகரிகமாக இல்லையென்று கடைக்காரர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்; ஆகவே பேசக் கற்க வேண்டும். இனாமாக வேண்டாம், பாடத்துக்கு ஒரு ஷில்லிங் தருகிறேன் என்கிறாள்.

ஹிக்கின்ஸ் உடனே கணக்குப் போடுகிறார். அவளது ஒரு நாள் வருமானம் அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங். அதில் ஒரு ஷில்லிங் என்பது ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு கோடீஸ்வரன் அதே விகிதத்தில் கொடுப்பதென்றால் அறுபது எழுபது கினி கொடுக்க வேண்டியிருக்கும். தன் வாழ்நாளில் யாரும் இவ்வளவு பெரிய கட்டணம் தர முன்வந்ததில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இந்தக் கணக்கைப் போட்ட சில நிமிடங்களுக்குள் கர்னல் பிக்கரிங் செலவு முழுவதையும் தான் ஏற்பதாகப் பந்தயம் கட்டிவிடுகிறார். ஷில்லிங்கைப் பற்றி அதன்பின் பேச்சில்லை. கட்டணத்தோடு வந்த மாணவி இரண்டு கனவான்களின் சோதனைப் பொருளாகிறாள். அவள் கேட்டது பூக்கடை. அவர்கள் தீர்மானித்தது சீமாட்டி. நூறாண்டுகளுக்கு மேலாக இந்த நாடகம் எப்படி மேடையேற்றப்படுகிறது என்பதை அளக்க எனக்கு இந்த ஒரு ஷில்லிங் போதும். அது எந்தக் கையில் இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, பார்வையாளர் அதைப் பார்க்கிறார்களா?

நான் பார்த்த மேடையேற்றத்தில் எலைசா அந்த நாணயத்தைக் கடைசிவரை யாரிடமும் கொடுக்கவில்லை. வடமேற்கு லண்டனின் புறநகர் ஒன்றில், தேவாலயத்தை ஒட்டிய சிறு மண்டபத்தில், ஓர் அமெச்சூர் குழு நடத்திய நிகழ்ச்சி அது. உறவினர் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் போனேன். மடக்கு நாற்காலிகள், இடைவேளையில் தேநீர், மேடைத்திரையைச் செப்பனிடக் குலுக்கல் சீட்டு. இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் புறநகர்களிலும் பல தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம்தான். நடிப்பவர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். நிகழ்ச்சித்தாளில் எலைசாவாக நடித்தவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை என்றும் ஹிக்கின்ஸாக நடித்தவர் கணக்கர் என்றும் போட்டிருந்தது. ஹிக்கின்ஸ் எலைசாவை ஏளனம் செய்துகொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். எலைசா மூடிய கையை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். அவளைக் குளிக்க இழுத்துக்கொண்டு போகும்போதும் கை திறக்கவில்லை. நெறியாளர் இதை யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும்.

அமெச்சூர் என்ற சொல்லே வர்க்கச் சுமை உள்ள சொல். நமக்கு அது நன்றாகத் தெரியும். 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக ஆடுபவர்கள் அல்ல தாங்கள் என்பது அவர்களுடைய மரியாதையின் அடிப்படை. பெண் வேடங்களை அங்கே ஆண்களே கட்டினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே சொந்தமாகக் கம்பெனி நடத்தினார் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘கனவான்களின் நாடகம்’ யாரை வெளியே நிறுத்தித் தன்னைக் கனவானாக்கிக்கொண்டது என்று புரியும். பிரிட்டனில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நியூகாசிலில் 1911இல் சோஷலிஸ்டுகள் தொடங்கிய அமெச்சூர் குழுதான் பிறகு மக்கள் அரங்கம் என்று ஆனது. தொடங்கியவர்களில் ஒருவர் காலின் வீச், நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணியின் தலைவராக இருந்தவர். ஷாவின் நாடகங்களை அவர்கள் விரும்பி விரும்பிப் போட்டார்கள். ஷாவே அவர்களைத் தேடிப் போயிருக்கிறார். வடகிழக்கு இங்கிலாந்தின் உச்சரிப்பைக் காலங்காலமாக லண்டன் கேலி செய்து வந்திருக்கிறது. அந்த ஊரின் தொழிலாளர் இயக்கத்தார், உச்சரிப்பே விதியாகிப் போவதைக் கேள்வி கேட்ட ஒருவருடைய நாடகங்களைத் தங்கள் வாயால் பேசிப் பார்த்தார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தி.

இந்த நாடகத்தை எந்தக் குழு எடுத்தாலும் ஒத்திகையில் ஒரு விசித்திரம் நடக்கும். கதையில் தெருப்பேச்சு பேசும் பெண் சீமாட்டியின் பேச்சைக் கற்கிறாள். ஒத்திகையிலோ படித்த பேச்சுப் பேசும் பெண் காக்னி பேசக் கற்கிறாள். கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களின் அந்தப் பேச்சு வராவிட்டால் முதல் அங்கமே நிற்காது. 1914 ஏப்ரல் 11 அன்று லண்டன் ஹிஸ் மெஜஸ்டிஸ் அரங்கில் எலைசாவாக நடித்த திருமதி பேட்ரிக் கேம்ப்பெல்லுக்கும் இதுதான் நடந்தது. அப்போது அவருக்கு 49 வயது. நாற்பத்தொன்பதில் பதினெட்டாவது கடினமா, பூக்காரியாவது கடினமா என்று கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. நான் பார்த்த குழுவில் காக்னி கற்றுக்கொடுத்தவர் வீட்டு நிர்வாகி திருமதி பியர்ஸாக நடித்த எழுபது வயதுக்காரர். கிழக்கு லண்டனில் பிறந்தவர். இடைவேளையில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே பேசினார். பதினாறு வயதில் தொலைபேசி இணைப்பகத்தில் சேர்ந்தபோது பேச்சைத் திருத்திக்கொள்ளச் சொன்னார்களாம். “விடுவதற்கு மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது திரும்பத் தேடி எடுக்க மூன்று வாரம்” என்றார். கற்பித்ததற்காக நிகழ்ச்சித்தாளில் அவருக்குத் தனியாக நன்றி எதுவும் இல்லை. திருமதி பியர்ஸ் என்ற பெயருக்கு எதிரில் அவர் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

ஹிக்கின்ஸின் ஆய்வகத்தில் ஃபோனோகிராஃப் இருக்கிறது, மெழுகு உருளைகள் இருக்கின்றன. பிக்கரிங் இந்தியாவிலிருந்து வந்தவர். பேச்சு சமஸ்கிருதம் பற்றி நூல் எழுதியவர், இந்தியக் கிளைமொழிகளைச் சேகரிப்பவர். ஷா இதை நகைச்சுவைக்காக வைத்திருக்கலாம். ஆனால் கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பு 1894இல் தொடங்கி 1928 வரை நடந்தது, கெட்ட குமாரன் திரும்பிவந்த விவிலியக் கதையை ஊர்தோறும் சொல்லவைத்துப் பேச்சு மாதிரி எடுத்தார்கள் என்பதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கர்னல் வேடிக்கை மனிதராக மட்டும் தெரிய மாட்டார். பேசுகிறவள் ஓரிடம், அவள் பேச்சுக்கு உரிமையாளர் வேறிடம். முதல் அங்கத்தில் இது இன்னும் துலக்கமாக நடக்கிறது. காவன்ட் கார்டனில் நள்ளிரவை நெருங்கும் நேரம், மழை. தேவாலய முகப்பில் ஒதுங்கிய கூட்டத்தில் ஓர் ஆண் தன் பேச்சைக் குறிப்பெடுப்பதை அறிந்ததும் எலைசா அலறுகிறாள். போலீஸ் உளவாளி என்று நினைக்கிறாள். ஆணிடம் பூ வாங்கச் சொல்லிப் பேசியதையே குற்றமாக்கி, தன் நல்ல பெயரைப் பறித்துத் தெருவில் விட்டுவிடுவார்கள் என்று அழுகிறாள். எழுதியதைக் காட்டு என்கிறாள். காட்டினால் படிக்க முடியவில்லை, ஒலிக்குறியீட்டில் இருக்கிறது.

பெரும்பாலான மேடையேற்றங்களில் இந்த அழுகை ஒரு பூக்காரியின் ஆர்ப்பாட்டம், சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். நாம் சிரிக்கும் அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. இரவில் தெருவில் தனியாக நிற்கும் ஏழைப் பெண் ஓர் ஆணிடம் பேசினால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்பதைத் தீர்மானிப்பவள் அவள் அல்ல. தன் வாயிலிருந்து வந்த சொற்கள் தனக்கே வாசிக்கக் கிடைக்காத வடிவத்தில் ஓர் ஆணின் நோட்டில் ஏறிவிட்டன. இதற்கு மேல் வர்க்கமும் மொழியும் பாலினமும் சேர்ந்து இயங்குவதற்கு மேடையில் வேறு காட்சி வேண்டுமா?

ஷாவும் நோட்டு வைத்திருந்தவர்தான். எலைசாவின் முதல் பேச்சை ஒலிக்கிற மாதிரியே எழுத்துக்கூட்டி எழுதுகிறார். சில வரிகள் போனதும், லண்டனுக்கு வெளியே யாருக்கும் இது புரியாது என்று மேடைக்குறிப்பிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்த முயற்சியைக் கைவிடுகிறார். ஹிக்கின்ஸ் பேசுவதும் ஒலிதான். அவருடைய வகுப்பாரின் ஒலி. அதை எழுத்துக்கூட்டிக் காட்ட வேண்டிய அவசியம் ஷாவுக்குத் தோன்றவில்லை. அகராதி எழுத்தே அவர்களுடைய பேச்சு, மற்றவர்களுடையது அதிலிருந்து பிசகியது. இதை ஆங்கிலக்காரரின் குறையென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நம் சிறுகதைகளில் கதைசொல்லி சுத்தத் தமிழில் மரத்தையும் வானத்தையும் வருணித்துவிட்டு, வேலைக்காரப் பெண் வாய் திறந்ததும் மட்டும் எழுத்துகளை வளைத்து நெளித்து எழுதும் வழக்கம் எவ்வளவு காலம் இருந்தது! கதைசொல்லியின் வீட்டில் மட்டும் யாரும் ‘வந்துச்சு’ என்று சொல்வதில்லை போலும். வட்டார வழக்கிலேயே கதை முழுவதையும் சொல்லத் துணிந்தவர்கள் வந்த பிறகுதான் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது.

மூன்றாம் அங்கத்துக்கு வருகிறேன். நாடகத்தின் புகழ்பெற்ற அங்கம் இதுதான், அதுவும் தவறான காரணத்துக்காக. செல்சீயில் ஹிக்கின்ஸின் தாயார் வீட்டில் விருந்தினர் கூடியிருக்கிறார்கள். எலைசாவை ஒத்திகை பார்க்க அழைத்து வருகிறார்கள். உச்சரிப்பு பிசிறில்லை. பேசச் சொன்ன பொருள்கள் இரண்டே, வானிலையும் உடல்நலமும். வானிலை முடிகிறது. இன்ஃப்ளூயன்சா பற்றிப் பேச்சு வருகிறது. உடனே எலைசா தன் அத்தை இன்ஃப்ளூயன்சாவில் செத்ததாகச் சொல்லப்பட்டதையும் தான் அதை நம்பாததையும் சொல்லத் தொடங்குகிறாள். டிப்தீரியாவையே தாண்டி வந்த உடம்பு காய்ச்சலில் போகுமா? வைக்கோல் தொப்பி ஒன்று அவளுக்கு வரவேண்டியிருந்தது, அது எங்கே? தொப்பியை எடுத்தவர்கள்தான் ஆளையும் முடித்தார்கள் என்பது எலைசாவின் முடிவு. வெளியேறும்போது அவள் சொல்லும் ஒற்றை வசைச் சொல் 1914இல் லண்டனைக் குலுக்கியது. பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதித் தள்ளின. இன்றும் நாடக வரலாறுகளில் அந்தச் சொல்லுக்குத் தனி இடம் உண்டு.

செத்துப்போன அத்தைக்கு அந்த வரலாறுகளில் இடமில்லை. ஓர் ஏழை வயோதிகப் பெண்ணை வீட்டார் ஒரு தொப்பிக்காகக் கொன்றிருக்கலாம் என்று அவளை அறிந்த பெண் சாட்சி சொல்கிறாள். கேட்பவர்கள் இதைப் புதுப் பாணி அரட்டை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாகரிகப் பெண்ணான கிளாரா வீட்டுக்குப் போகும்போது அந்த வசைச் சொல்லைத் தானும் சொல்லிப் பார்க்கிறாள். மேடையில் இருப்பவர்கள் உச்சரிப்பைக் கேட்கிறார்கள், மண்டபத்தில் இருப்பவர்கள் முரணைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அத்தை இரண்டு தரம் சாகிறாள். இந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், படத்தில் பார்த்திருக்கிறேன், சிரிக்காமல் இருந்ததில்லை. அந்த மண்டபத்தில் சிரிப்பு நடுவில் நின்றது. எலைசாவாக நடித்த ஆசிரியை நகைச்சுவைக்கான இடைவெளி எதையும் விடவில்லை. எதிரே இருந்தவர் முகத்தைப் பார்த்து, கற்ற உச்சரிப்பில், ஒரு மரணத்தைப் பற்றிய சந்தேகத்தைப் போலீஸில் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள். தொழில்முறை நடிகை ஒருவர் அந்தச் சிரிப்பை விட்டுக்கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். சிரிப்பு வராத மூன்றாம் அங்கத்தை எந்த வணிக அரங்கின் தயாரிப்பாளரும் தாங்க மாட்டார்.

எல்லாம் இப்படியே அமைந்தது என்று சொல்ல முடியாது. எலைசாவின் தந்தை, குப்பை அள்ளும் டூலிட்டில், வழக்கம்போல் மேடையைத் தூக்கிக்கொண்டு போனார். மகள் ஓர் ஆண் வீட்டில் தங்கியிருப்பதை அறிந்து ஐந்து பவுண்டு கேட்டு வருகிறவர் அவர். பத்து தருகிறேன் என்றால், அவ்வளவு பணம் மனிதனைப் பொறுப்புள்ளவனாக்கிவிடும், ஐந்தே போதும் என்கிறார். நடுத்தர வர்க்க ஒழுக்கத்தைப் பற்றிய அவரது பிரசங்கம் கூர்மையானது. மறுக்கவில்லை. ஆனால் விற்கப்படுகிறவளின் ஷில்லிங்கை ஏளனம் செய்த நாடகம், விற்கிறவரின் ஐந்து பவுண்டைத் தத்துவமாக்குகிறது. சோஷலிஸ்டான ஷாவுக்கு ஏழை ஆண் சிந்தனையாளன். ஏழைப் பெண் கற்றுக்கொடுக்கப்பட வேண்டியவள். இந்தக் குழுவும் அதைக் கேள்வி கேட்கவில்லை. டூலிட்டில் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கைதட்டல். மகளின் விலை பேசப்படும்போது மகளை மேடையின் ஓரத்திலாவது நிறுத்தியிருக்கலாம்.

ஹிக்கின்ஸாக நடித்த கணக்கரும் அளவுக்கு மீறி இனிமையானவர். மனதால் குழந்தை, வாய் மட்டும் முரடு என்று அவரை மன்னிக்கும்படி நடித்தார். அந்த மன்னிப்பை எழுதி வைத்திருப்பதும் ஷாதான். திருமதி பியர்ஸ் ஒரு காட்சியில் ஹிக்கின்ஸிடம், அந்தப் பெண் முன்னால் கெட்ட வார்த்தை பேச வேண்டாம், காலை உணவுக்கு வரும்போது ஒழுங்காக உடுத்தி வாருங்கள் என்று மென்மையாகக் கண்டிக்கிறார். வீட்டில் மோசமாகப் பேசுகிறவர் பேச்சாசிரியர்தான். அவருக்கு அது குணவிசேஷம், எலைசாவுக்கு அதுவே பிறப்பின் அடையாளம். அதே திருமதி பியர்ஸ்தான் அந்த இரண்டு ஆண்களும் கேட்காததைக் கேட்கிறார்: இவளுக்குச் சம்பளம் உண்டா, உங்கள் விளையாட்டு முடிந்தபின் இவள் எங்கே போவாள்? பணம் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவாள் என்பது ஹிக்கின்ஸின் பதில். எழுபது வயதுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அசையாமல் நின்றார். நின்ற விதத்தில் ஒரு வாழ்நாள் இருந்தது.

கற்றல் எங்கே நடக்கிறது என்று கேட்டால் மூல நாடகத்தில் எங்கும் நடக்கவில்லை. 1914இல் மேடையேறிய வடிவில் பாடம் நடத்தும் காட்சி கிடையாது. இரண்டாம் அங்கம் முடியும், திரை விழும், மூன்றாம் அங்கத்தில் எலைசா பேசக் கற்றவளாக வந்து நிற்பாள். இன்று எல்லோருக்கும் நினைவில் நிற்கும் ஸ்பெயின் மழை வாக்கியம் 1938 திரைப்படத்தோடு வந்தது. மாதக்கணக்கில் காதும் நாக்கும் தாடையும் செய்த உழைப்பு திரைக்குப் பின்னால் போய்விட, முன்னால் நிற்பது ஆசிரியரின் வெற்றி. நான்காம் அங்கத்தில் விருந்திலிருந்து நள்ளிரவில் திரும்பும் இரண்டு ஆண்களும், ஒருவழியாக முடிந்தது, சலிப்பாக இருந்தது என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஜெயித்தவள் அங்கேயே நிற்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. செருப்புகள் பறக்கின்றன. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தச் செருப்புகளை. அடுத்து அவள் கேட்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை: நான் போட்டிருக்கும் உடைகள் எனக்குச் சொந்தமா, கர்னலுக்குச் சொந்தமா? திருடிவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. இரவல் நகையைத் திருப்பிக் கொடுக்கிறாள். முதல் அங்கத்தில் போலீஸுக்குப் பயந்த அதே பெண்தான். உச்சரிப்பு மாறிவிட்டது, பயம் மாறவில்லை.

முடிவைப் பற்றிய சண்டை நாடகம் மேடையேறிய நாளிலேயே தொடங்கிவிட்டது. ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, வெளியேறும் எலைசாவை நோக்கிப் பூங்கொத்தை வீசிக் காதல் முடிவாக மாற்றினார். ட்ரீக்கு வயது 61. ஷா கொதித்துப்போனார். 1916இல் நாடகத்தை நூலாக வெளியிட்டபோது, எலைசா ஏன் ஹிக்கின்ஸை மணக்க மாட்டாள் என்று விளக்கி நீண்ட பின்னுரை சேர்த்தார். பயனில்லை. 1938 படத்தில் எலைசா திரும்பி வருகிறாள். அந்தப் படத்தின் திரைக்கதைக்காக ஷாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது வேறு கதை. 1956இல் ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகமாக வந்தது, அதிலும் திரும்பி வருகிறாள். 1964இல் அது படமானது, எட்டு ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஹிக்கின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹாரிசன் பாடல்களைப் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாடிப் பேசினார். அதற்காக அவர் உடையில் கம்பியில்லா ஒலிவாங்கி பொருத்தினார்கள். எலைசாவாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னின் பாடல்களில் பெரும்பகுதிக்கு மார்னி நிக்சன் என்ற பாடகியின் குரலைச் சேர்த்தார்கள். அந்தப் பாடகியின் பெயர் படத்தில் வரவில்லை. பெண்ணுக்குக் குரல் கிடைக்கும் கதையில் ஒரு பெண்ணின் குரல் எடுக்கப்பட்டது, இன்னொரு பெண்ணின் பெயர் எடுக்கப்பட்டது. ஆணுக்கு மட்டும் சொந்தக் குரல்.

மராத்தியில் பு. ல. தேஷ்பாண்டே இதை ‘தீ ஃபுல்ராணி’ என்று 1975இல் மேடையேற்றினார். பூக்காரியாக பக்தி பர்வே. பேராசிரியரைப் பழிவாங்கப் போவதாக அவள் தனியே நின்று பொரிந்து தள்ளும் நீண்ட பேச்சை மராத்தி நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் போட்டி மேடைகளில் நடித்துக் காட்டுகிறார்கள். இந்திய மொழிக்கு வந்ததும் நாடகத்தில் சாதி நுழைந்துவிடுகிறது. சுத்த மராத்தி யாருடைய மராத்தி என்ற கேள்வியைத் தள்ளி வைக்க முடிவதில்லை. தமிழில் இதைச் செய்பவர் இன்னும் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். நம்மில் யாருமே எழுத்துத் தமிழை வீட்டில் பேசுவதில்லை. ஹிக்கின்ஸ் எந்தப் பேச்சைச் சரியான பேச்சு என்று கற்றுக்கொடுப்பார்? அவர் வீட்டுச் சமையலறைப் பேச்சையா? அந்தப் பதிலில்தான் தமிழ் ‘பிக்மாலியன்’ இருக்கும்.

ஐந்தாம் அங்கத்தில் ஹிக்கின்ஸ் எப்போது கட்டுப்பாட்டை இழக்கிறார் என்று பாருங்கள். எலைசா வீட்டை விட்டுப் போனபோது கத்தினார், தேடினார், அவ்வளவே. ஃப்ரெடியை மணப்பேன் என்றபோது கோபப்பட்டார். நான் ஒலியியல் கற்றுக்கொடுக்கப் போகிறேன், உங்கள் போட்டியாளரிடம் உதவியாளராகச் சேரப் போகிறேன் என்று அவள் சொன்னதும்தான் கழுத்தை நெரிப்பேன் என்று அவள்மீது கை வைக்கிறார். அதன் பிறகும் அவள் அடங்கவில்லை, ஆறு மாதத்தில் சீமாட்டியாக்க ஆயிரம் கினி என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கப் போகிறேன் என்கிறாள். மாணவி போவது பொறுக்கும், மனைவியாகப் போவதும் ஒருவாறு பொறுக்கும், ஆசிரியையாவது பொறுக்காது. பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்த பெண்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஷில்லிங்குக்கு வாங்க வந்ததை ஆயிரம் கினிக்கு விற்க முடியும் என்று தெரிந்துகொண்ட பெண்ணை அறைந்து உட்காரவைக்க முடியாது என்பதை ஹிக்கின்ஸும் அந்தக் கணத்தில்தான் உணர்கிறார். உடனே புகழத் தொடங்குகிறார்.

அந்த மண்டபத்தில் கை வைத்த காட்சி கொஞ்சம் நீண்டது. இனிமையான கணக்கர் முதல்முறையாக இனிமையை இழந்தார். அந்த ஒரு நிமிடத்துக்காக அவருடைய மற்ற நிமிடங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். ஹாமும் பாலாடைக்கட்டியும் வாங்கிவரச் சொல்கிறார், கையுறை அளவு சொல்கிறார், கழுத்துப்பட்டை கேட்கிறார். நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் பதில் சொல்லிவிட்டு எலைசா மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, தேநீர் மேசையைத் தாண்டி, உண்மையான கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனாள். சிறிய மண்டபம் என்பதால் இது முடிந்தது. வெளியே பேருந்தின் சத்தம் கேட்டது. மேடையில் ஹிக்கின்ஸ், ஷா எழுதியிருப்பதுபோலவே, சட்டைப்பையில் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு தனக்குள் சிரித்தார். விளக்கு அணைந்தது. பூங்கொத்து இல்லை.

ஷாவின் பின்னுரையில் எலைசாவுக்குக் கடைசியில் பூக்கடை கிடைக்கிறது. கர்னலின் பணத்தில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு அருகில் ரயில் நிலைய வளாகத்தில் கடை. கணவன் ஃப்ரெடிக்கு எதுவும் தெரியாது. கணக்கு எழுதத் தெரியாமல் இருவரும் நஷ்டப்பட்டு, மாலை வகுப்புகளில் சேர்ந்து, பல வருடங்கள் தடுமாறி, பிறகு கடை நிற்கிறது. முதல் நாள் கையில் ஷில்லிங்கோடு அவள் கேட்டது இதைத்தான். ஷா இதை மேடைக்கு எழுதவில்லை. உரைநடையில் சொல்லி முடித்துவிட்டார். அரும்பின் விலை, வாடகை, வாடிப்போனதன் கணக்கு, பெயர்ப்பலகை, கடனுக்கு வாங்கிப்போகும் சீமாட்டிகள் என்று ஓர் அங்கத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. ஏதாவது ஓர் அமெச்சூர் குழு அந்த ஆறாம் அங்கத்தை எழுதிப் போட்டுப் பார்க்கலாம். ஹிக்கின்ஸுக்கு அதில் அதிக வேலை இருக்காது. எலைசாவின் கையெழுத்தைத் திருத்திக் கொடுக்க ஒருமுறை கடைக்கு வந்து, கத்திவிட்டுப் போவார்.